சித்தப்பா தண்ணி ஊத்தின தொட்டிகள்

திங்கக்கிழமை காலையில கண்ணாடிக் கொட்டகையைத் திறந்ததும் ஈர மண் வாசனை. பதினாறு நாளா ஒரு சொட்டுத் தண்ணி காட்டாத நாப்பது தொட்டி தட்டைப்பயறு. அங்க ஈர வாசனைக்கு என்ன வேலை?

விஷயம் இதுதான். இருபது தொட்டிக்கு, வேர்ல குடியிருக்கிற ஒரு பாக்டீரியாவை விதையிலேயே தடவி விதைச்சோம். மீதி இருபதுக்கு வெறும் விதை. இருபது நாள் தண்ணியில்லாம காயப்போட்டு, எது தாக்குப்பிடிக்குதுன்னு அளந்து பாக்கணும். எது எதுன்னு எனக்கே தெரியாது. தொட்டிமேல நம்பர் மட்டும்தான். பட்டியல், இந்த ஆராய்ச்சியை நடத்துற மேடத்தோட டிராயர்ல பூட்டியிருக்கும். முதல் தடவை அசுவினிப் பூச்சி உறிஞ்சித் தீத்துடுச்சு. ரெண்டாம் தடவை குழாய் வெடிச்சு எல்லாம் நனைஞ்சு போச்சு. இதுவும் சொதப்பினா கொட்டகையை மூடிடுவாங்க, என் சீட்டும் கிழிஞ்சிடும்னு மேடம் முன்னாடியே சொல்லிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை காவலுக்கு இருந்தது என் சித்தப்பா. பஸ் கண்டக்டரா இருந்து ஓய்வானவர். வீட்டுல சும்மா உக்காந்து சித்தி உயிரை வாங்குறாரேன்னு நான்தான் கெஞ்சிக் கூத்தாடி இந்த வேலையை வாங்கிக் குடுத்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். தொட்டியைத் தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மனுஷன் தொடல. குவளையால ஊத்தியிருக்காரு.

கேட்டதும் மூஞ்சி சுருங்கிப் போச்சு.

"வாயில்லாத ஜீவன்மா, பாத்துக்கிட்டு எப்படி இருக்கிறது? எல்லாத்துக்கும் ஊத்தல. தலை தொங்கினதுக்கு மட்டும்தான். நல்லா நிக்கிறதுக்கு எதுக்கு?"

எட்டு மாசமா இதே பாடு, இனி கத்தி என்ன ஆகப்போகுது?

மண்ணுல விரலை விட்டுப் பாத்து, ஈரமா இருந்த நம்பரை எல்லாம் எழுதினேன். இருபத்தொண்ணு. மேடம் பட்டியலை எடுத்து ஒவ்வொண்ணா டிக் போட்டுக்கிட்டே வந்தாங்க. பாதியில பேனா நின்னுடுச்சு. சித்தப்பா ஊத்தினதுல இருபது, வெறும் விதை போட்ட அதே இருபது. ஒண்ணே ஒண்ணுதான் பாக்டீரியா தொட்டி.

அடப்பாவி மனுஷா. நாங்க எட்டு மாசமா தேடினதை ஒரு குவளையை வெச்சுக்கிட்டுக் கண்டுபிடிச்சிருக்காரு.

"இதை எப்படிம்மா எழுதுறது?" மேடம் மெதுவா கேட்டாங்க. "காவல்காரர் பாவம் பாத்தாருன்னா?"

சிரிக்கப் பாத்தாங்க, வரல. அளந்து எடுக்காத முடிவை மேல இருக்கறவங்க தொடக்கூட மாட்டாங்க. பரிசோதனை கெட்டுப்போச்சுன்னு ரெண்டு வரி எழுதி, என்கிட்டயும் கையெழுத்து வாங்கினாங்க. இருபதாம் நாளுக்குன்னு எடுத்து வெச்ச தராசைத் துடைச்சு உறையில போட்டேன்.

வெளிய சித்தப்பா ஒரு கையில தொப்பியும் இன்னொரு கையில குவளையுமா நின்னாரு. இருபத்தொண்ணுல இருபதைச் சரியா பிரிச்சுட்டீங்க, அந்த பாக்டீரியா நிஜமாவே காப்பாத்துதுன்னு சொன்னேன். கெட்டுப்போச்சுன்னு கையெழுத்துப் போட்டதை மட்டும் மறைச்சுட்டேன். அவர் முகம் அப்படியே மலர்ந்து போச்சு.

"அப்ப உன் வேலை நிலைச்சுடும்ல?"

ஆமா சித்தப்பான்னு சொல்லிட்டு, அவர் கையில இருந்த குவளையை வாங்கிக்கிட்டு, மிச்சமிருந்த பத்தொம்பது தொட்டிக்கும் தண்ணி ஊத்தப் போனேன்.