பொல்பிட்டிக்காரியின் முட்டைகள்

"அப்ப மஞ்சக் கருவ வீசிட்டு வெள்ளைய மட்டும் சாப்பிடுறாங்களா?"

"இல்லீங்க மிஸ், முழுசாத்தான். கோழி போடுது, இவ அவிச்சு சாப்பிடுறா. தெனமும்."

"பிறகு ஏன் ரத்தம் ஏறல?"

கேள்வி பூரணியைப் பற்றியது. ஆனால் கேட்டவளும் பதில் சொன்னவனும் அவள் தலைக்கு மேலாகத்தான் பேசிக்கொண்டார்கள். அவள் தோட்டத்து கிளினிக்கின் வாங்கில் உட்கார்ந்து, ஊசி குத்திய விரலைப் பஞ்சோடு அமுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டது மிட்வைஃப் வினோதா மிஸ். பதில் சொன்னது பூரணியின் கணவன் மதுரன். தேயிலை பெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷினைக் கவனிக்கிறவன் அவன். போட வேண்டியதைப் போட்டால் ஓட வேண்டியது ஓடும் என்று நம்புகிறவன். இத்தனை முட்டை உள்ளே போயும் ரத்தம் ஏறவில்லை என்றால் கோளாறு எங்கே என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

வினோதா மிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டாள். பூரணி வேகமாகத் தலையாட்டினாள். பொகவந்தலாவைத் தோட்டத்தில் அந்தப் பழக்கம் இல்லாதவர் யார்? பழி தேத்தண்ணியின் மேல் விழுந்ததில் அவளுக்கு மூச்சு வந்தது. தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் ஒட்டவிடாது, ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்க வேண்டும் என்றாள் மிஸ். முட்டையை மஞ்சள் கெட்டியாகும்வரை அவிக்க வேண்டும், அரை வேக்காடு கூடாது. வயிற்றுப் பிள்ளைக்குத் தசை பிடிக்க முட்டை மாதிரி ஒன்று இல்லை, ஆனால் முட்டை மட்டும் போதாது, கீரையும் பருப்பும் வேண்டும், இரும்புச்சத்துக் குளிசையை ஒரு நாளும் விழுங்காமல் விடக் கூடாது.

"வியாழக்கிழம நுவரெலியாவுல ஸ்கேன். மறந்துறாதீங்க."

பூரணி பஞ்சை இன்னும் அழுத்திப் பிடித்தாள். ரத்தம் எப்போதோ நின்றிருந்தது.

கோழியை மதுரன்தான் கொண்டுவந்தான். பொல்பிட்டியில் இருக்கிற அவன் அக்கா வளர்த்த கோழி. ஒரு பையில் தலை மட்டும் வெளியே தெரியக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு வளைவிலும் அது கத்தியதாம். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டானாம். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவிலிருக்கிற அம்மாக்கண்ணு அக்கா அதைப் பார்த்ததுமே, ஆத்துத் தண்ணியில் கரண்ட் எடுக்கிற ஊரிலிருந்து வந்தவள், தொட்டால் ஷாக் அடிப்பாள் என்றாள். அன்றிலிருந்து அதற்குப் பொல்பிட்டிக்காரி என்று பெயர். மறுநாளே அடுப்புக்குப் பக்கத்திலிருந்த பழைய மரப்பெட்டியில் ஒரு முட்டை போட்டது.

முதல் முட்டையைப் பூரணி சந்தோஷமாகத்தான் தின்றாள். மிளகும் உப்பும் தூவி, கண்ணை மூடிக்கொண்டு. இரண்டாவது முட்டையை அவிக்கப் போகும்போதுதான் அம்மாக்கண்ணு அக்கா வாசலில் நின்று பேச்சுவாக்கில் அதைச் சொன்னாள்.

"லயத்துல இருந்த ஒரே சேவலையும் சிறுத்த தூக்கிட்டுப் போயிருச்சு. சேவல் இல்லாத முட்டதானே, உள்ள ஒன்னும் இருக்காது. பயப்படாம தின்னு."

பூரணி முட்டையைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டாள்.

போன வருசம் ஸ்கேன் அறையில் டொக்டர் திரையைப் பார்த்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். அருகில் நின்ற நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள்: பை மட்டும் இருக்கும்மா, உள்ள ஒன்னும் இல்ல. அதற்கு முந்தைய காலையில்கூட பூரணி வாந்தி எடுத்திருந்தாள். புளிப்பு மாங்காய்க்கு ஆசைப்பட்டிருந்தாள். ஒன்றும் இல்லாததற்கு எதற்கு அவ்வளவு வாந்தியும் அவ்வளவு ஆசையும் என்று அவளுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. இப்போது மறுபடியும் அதே வாந்தி, அதே ஆசை.

உள்ளே ஒன்றுமில்லாததைத் தின்றால் உள்ளே என்ன வளரும்? அசட்டுக் கேள்வி என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் அது போகவில்லை. சாமான் வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் ஸுஹைர் நானாவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டுப் பார்த்தாள். சேவலை விட்டு வந்த பிறகும் கோழி கொஞ்ச நாளைக்குக் குஞ்சு பொரிக்கிற முட்டை போடும், அதைத் திட்டமாகச் சொல்ல முடியாது என்றார் அவர். அடைக்கு வைத்து சில நாள் கழித்து, இருட்டில் வெளிச்சத்தின் முன்னால் பிடித்தால் தெரியும். உள்ளே சிவப்பாய் நரம்பு ஓடினால் அது உயிர்.

அதைக் கேட்டு வந்தபின் குழப்பம் இரட்டித்தது. ஒன்றும் இல்லையென்றால் தின்ன மனம் வரவில்லை. ஏதாவது இருந்துவிட்டாலோ தின்னவே முடியாது. கோழி போடப் போட அவள் எடுக்கவில்லை. சாப்பிட்டாயா என்று மதுரன் கேட்கும்போதெல்லாம் ம் என்றாள். பிறகு ஒரு நாள் பொல்பிட்டிக்காரி பெட்டியில் ஏறி உட்கார்ந்தது, உட்கார்ந்ததுதான். தீனிக்கு இறங்குவதோடு சரி.

கிளினிக்கிலிருந்து திரும்பியபோது மலை பனி மூடிக் கிடந்தது. பகலிலேயே காம்பரா இருட்டியிருந்தது. மதுரன் ஈரச் செருப்பைக் கழற்றியதும் நேரே அடுப்படிக்குப் போனான். இன்றைக்குத் தானே அவித்துத் தருவதாகவும், ஒரு மணி நேரத்துக்குத் தேத்தண்ணி கேத்தலைத் தொடக்கூடாது என்றும் சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டான். கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு அவன் கையைக் கொத்தியது. அவன் அதை இரண்டு கையாலும் தூக்கினான்.

கீழே பெட்டி நிறைய முட்டை.

"இதெல்லாம் எப்பப் போட்டது?"

"தெனமும்."

"அப்ப நீ என்னத்த சாப்பிட்ட?"

அவள் சொன்னாள். கோர்வையாக வரவில்லை. சிறுத்தையிலிருந்து தொடங்கி, ஸுஹைர் நானாவுக்குப் போய், நர்ஸ் கையைப் பிடித்ததற்கு வந்து, மறுபடியும் சிறுத்தைக்குப் போனது. மதுரன் கோழியைக் கக்கத்தில் இடுக்கியபடி கேட்டான். அவனுக்குக் கோபம் வருமென்று அவள் நினைத்திருந்தாள். மெஷின் ஓடாமல் நின்றால் அதைச் சுற்றிச் சுற்றி வருவானே, அந்த முகம்தான் வந்தது. கடையில் வேறு முட்டை வாங்கித் தருவதாகச் சொன்னான். அதுவும் சேவல் இல்லாத முட்டைதான் என்று அவளே சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டான்.

"பூரணி, இது வெறும்..."

சொல்ல வந்த வார்த்தை எங்கே போய் விழும் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது போலிருந்தது. கோழி அவன் கக்கத்தில் முனகியது.

பூரணி குனிந்து, பெட்டியின் நடுவிலிருந்து ஒரு முட்டையை எடுத்தாள். அது உள்ளங்கையில் சூடாக இருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி. அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாளா, தற்செயலாகக் கை அங்கே போனதா, அவளுக்கே தெரியவில்லை. கதவைச் சாத்தினாள். சன்னல் சட்டத்தில் தொங்கிய துணியை இழுத்துவிட்டாள். இருந்த கொஞ்ச வெளிச்சமும் போனது. மதுரன் கோழியைத் தரையில் விட்டான்; அது இருட்டில் பெட்டியைத் தேடிக்கொண்டு தத்தியது.

அவள் அவன் கையைத் தடவிப் பிடித்து முட்டையை அதில் வைத்தாள். அவனுடைய சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து டோர்ச்சைப் போட்டு, அவனது மறு கையில் கொடுத்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"நான் பாக்கலீங்க. நீங்க பாத்துட்டு, உள்ள இருக்கா இல்லையான்னு சொல்லுங்க."