கலாசியின் விரதம்

பஸ் டிரைவர் பெரியதம்பி செத்த பதினாறாம் நாள் கலாசி சாப்பாட்டை நிறுத்தியது. முந்தின நாள் வரை அக்கம்பக்கத்தார் கொடுத்த கஞ்சியை வழித்து நக்கிய நாய் அது. கருமாதி முடிந்து பெரியதம்பியின் பெண்டாட்டி இந்திராணி ஆசையாக வைத்த ஆட்டெலும்பை ஒரு கடி கடித்தது. வீலென்று கத்திக்கொண்டு ஓடி, பின்பக்கக் குழாயடியில் போய்ப் படுத்தது. அத்தோடு சரி.

பக்கத்து வீட்டு ஒச்சம்மா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தமானில் ரங்கத்துக்கு வந்து இருபது வருஷமாகியும் பேச்சில் உசிலம்பட்டியை ஒரு சொல் குறைக்காதவள்.

“நல்லாப் பாரு தாயி. பதினாறு நாளும் அண்ணன் உசுரு இந்த வீட்டைத்தான் சுத்துச்சு. அதுவரைக்கும் இது தின்னுச்சு. இன்னைக்கு வழியனுப்பிட்டோம். அவரு போறது நம்ம கண்ணுக்குத் தெரியல, இதுக்குத் தெரிஞ்சிருச்சு. வாயில்லாச் சீவன், விரதம் புடிக்கிது!”

சனங்களுக்கு ஒரு கதை கிடைத்துவிட்டால் போதுமே! மறுநாளே பஸ் ஸ்டாண்டிலிருந்து டிரைவர்கள் வந்து பார்த்தார்கள். பெரியதம்பியோடு பத்து வருஷம் பஸ் ஓட்டிய தேவேந்திரன் சாமந்தி மாலை வாங்கிவந்து நாயின் கழுத்தில் போட்டுவிட்டு, ஆம்பிளை என்றும் பாராமல் அழுதான். போன் எடுத்துப் படம் பிடிக்காதவர்கள் பாக்கியில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் படகுத்துறையில் பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்ட குட்டி, இறங்க மாட்டேன் என்றதாம். கப்பலிலும் லாரியிலும் எடுபிடியாக நிற்கிற ஆளுக்குத் தீவில் கலாசி என்றுதான் பெயர். “இனிமே நீதான்டா என் கலாசி” என்று பெரியதம்பி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிள்ளையில்லாத வீடு. புருஷனும் நாயும் கொஞ்சிக்கொள்வதைப் பார்த்து இந்திராணிக்கு எரிச்சல்தான் வரும். காலையில் குழாயடியில் உட்கார்ந்து, ரஸ்க்கை டீயில் ஊறவைத்து அதற்கு ஊட்டுவார். “தொரைக்கு டீ கேக்குதாக்கும்? அடுத்தாப்ல வெத்தலை மடிச்சுக் குடுங்க” என்பாள். அவர் சிரித்து மழுப்பிவிடுவார். அவள் வாய் அப்படி. ரங்கத்து பஜாரே ஒதுங்கிப் போகும் வாய். அந்த வாயிலிருந்து, புருஷன் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துபோன அன்றைக்கு ஓர் ஒப்பாரி வரவில்லை. கண்ணிலும் ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது அவள் காதிலும் விழுந்தது.

அதனால்தானோ என்னவோ, நாயின் விரதம் அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தனக்கு வராத அழுகையை அது அழுகிறது என்று நினைத்தாள். பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். தினமும் தட்டு நிறையச் சோறும் எலும்பும் வைத்தாள். அது எழுந்து வரும், மோந்து பார்க்கும், எச்சில் ஒழுக அவள் முகத்தைப் பார்த்து முனகும். அவர் எங்கே என்று கேட்கிறது என எண்ணிக்கொள்வாள். “போயிட்டாருடா” என்று தட்டை எடுத்துவிடுவாள்.

வாய் நாறியது. “பட்டினி கெடந்தா நாறாதா? ஏகாதசிக்கு நமக்கு நாறலையா?” என்றாள் ஒச்சம்மா. விரதம் தொடங்கி ஒன்பதாம் நாள் கண்ணுக்குக் கீழே வீங்கியது. “அழுது அழுது வீங்கிருச்சு” என்றாள். பன்னிரண்டாம் நாள் அந்த வீக்கம் உடைந்து சீழ் வழிந்தது. அதற்குமேல் இந்திராணி யார் பேச்சையும் கேட்கவில்லை. நாயைச் சேலையில் சுற்றி ஆட்டோவில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கிருந்த பெங்காலி டாக்டரம்மா நாயைக் கண்டதும், “அரே, பஸ்வாலா தாதாவோட கலாசி!” என்று இந்தியில் சொன்னாள். பெங்காலியில் தாதா என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா. தாதா எங்கே என்றாள். இந்திராணி சொன்னாள். டாக்டரம்மா குனிந்து கலாசியின் தலையைத் தடவினாள். பிறகு நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். கடைவாய்ப் பல் ஒன்று நெடுக்காகப் பிளந்து, வேரில் சீழ் கட்டி, ஈறெல்லாம் கறுத்திருந்தது.

“எலும்பு குடுத்தீங்களா தீதி?”

“ஆமா. ஆசையா...”

“தாதா உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?”

ரெண்டு வருஷத்துக்கு முன் கலாசிக்கு மூன்று பல் பிடுங்கிய கதையை டாக்டரம்மா சொன்னாள். மிச்சப் பல்லெல்லாம் ஆட்டம் கண்டிருந்தன. எலும்பைக் காட்டவே கூடாது, எல்லாவற்றையும் ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும், தினமும் சின்னப் பிள்ளை பிரஷ்ஷால் பல் தேய்த்துவிட வேண்டும் என்று சொல்லியனுப்பினாளாம். ஒருநாள் தவறாமல் செய்தாராம். வீட்டில் ஆள் இல்லையா என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே, “இருக்கா. நாய்க்குப் பல்லு வெளக்குறேன்னு தெரிஞ்சா, அவ பேசுற பேச்சுல எனக்குப் பல்லு விழுந்துரும்” என்றாராம்.

இந்திராணிக்கு அவருடைய பிரஷ் குவளை ஞாபகம் வந்தது. கருமாதியன்று அவருடைய சீப்பையும் ரேசரையும் பனியனில் மூட்டை கட்டிக் கடலில் போட்டவள் அவள்தான். குவளையில் ரெண்டு பிரஷ் இருந்தது. ஒன்று அவருடையது, இன்னொன்று சின்னது, ரோஸ் கலர், மயிர் விரிந்து தேய்ந்துபோயிருந்தது. ஒரு மனுஷனுக்கு எதுக்கு ரெண்டு என்று முணுமுணுத்துக்கொண்டே ரெண்டையும் போட்டிருந்தாள்.

“அதுக்குப் பசியே எடுக்கலைன்னு நெனச்சோம் டாக்டர். விரதம்னு...”

“பசிச்சிருக்கும் தீதி. எல்லா நாளும் பசிச்சிருக்கும். கடிக்க முடியல, அவ்வளவுதான்.”

விஷம் ரத்தத்தில் கலந்து கிட்னிக்குப் போய்விட்டது என்றாள். ஊசி போட்டாள். ஆனால் நம்பிக்கையாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இந்திராணி டீ போட்டாள். ரஸ்க்கை ஊறவைத்துக் கூழாக்கி, அவர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து விரலில் எடுத்து நீட்டினாள். கலாசி தலையைத் தூக்கியது. நாக்கை மட்டும் நீட்டி அவள் விரலை நக்கியது. ஒரு வாய், ரெண்டு வாய், மூன்று வாய். வால் தரையில் தட்டியது. நாலாவது வாய்க்கு அதற்குத் தெம்பு இல்லை. பொழுது சாயுமுன் அவள் மடியிலேயே போய்விட்டது.

சேதி கேட்டு ஒச்சம்மா மாலையோடு ஓடிவந்தாள். “பாத்தியா தாயி, அண்ணன் பின்னாடியே போயிருச்சு! என்னா நன்றி! வாயில்லாச் சீவன்...”

“அதுக்கு வாய் இருந்துச்சுக்கா” என்றாள் இந்திராணி. “எனக்குத்தான் அதைத் தொறந்து பாக்கத் தெரியல. வைராக்கியமும் இல்ல, விரதமும் இல்ல. பசிக்கா, பசி! சோத்தை முன்னால வச்சு வச்சு எடுத்துட்டேன்க்கா...”

அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. நாய்க்காகவும் அழுதாள், தன் வாய்க்குப் பயந்து ரெண்டு வருஷம் குழாயடியில் ஒளிந்து பல் விளக்கிவிட்ட மனுஷனுக்காகவும் அழுதாள். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒச்சம்மா கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.