பஞ்சம்மாளின் பாதி

"உங்க அக்காவக் கூப்பிடுங்க. அவுககிட்டயும் பேசணும்," என்றாள் பவானி.

விற்கிறவர் வீட்டுப் பெண்களிடம் பேச்சே வைத்துக்கொள்ளக் கூடாதென்று பஸ்ஸிலேயே சொல்லிக் கூட்டிவந்த அப்பா நல்லகண்ணுவுக்கு முகம் செத்துவிட்டது. காமயகவுண்டன்பட்டியில் வீட்டோடு சேர்ந்த திராட்சைத் தோட்டம் லேசில் கிடைக்காது. ஆயுசெல்லாம் அடுத்தவன் தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்த்த மனுஷன் அவர். அவருக்காகத்தான் பவானி பேங்க் பேங்க்காக லோனுக்கு அலைந்தாள்.

"அதுகிட்ட என்னம்மா பேச்சு? எங்கப்பா சொத்துங்கிறதால அதுவும் கையெழுத்துப் போடணும். நாஞ்சொன்னாப் போட்டுரும்," என்றார் வீட்டை விற்கிற முத்துக்குமரன்.

அதற்குள் அக்கா பஞ்சம்மாளே திராட்சைப் பந்தலுக்கடியிலிருந்து கத்தரிக்கோலும் கையுமாக வந்துவிட்டாள். புருஷன் செத்தபின் பிறந்த வீட்டுக்கே திரும்பி, தோட்டத்தைக் கட்டிக்கொண்டு கிடப்பவள்.

"வித்தா உங்களுக்கு என்ன பாகம் தாராக?" என்று பவானி கேட்டாள்.

"பாகமா?" பஞ்சம்மாள் சிரித்தாள். "நான் எங்கன போயி இருக்கன்னே இன்னும் சொல்லல தாயி."

"இத்தன வருசம் சோறு போடலயா?" என்றார் முத்துக்குமரன்.

"இத்தன வருசம் கொடிய வெட்டுனது யாரு?" என்றாள் பவானி. "பாதிப் பணம் அவுக பேருக்கு. இல்லைன்னா எங்களுக்கு வேணாம்."

"படிச்ச திமிரு."

"ஆமா. எங்க வம்சத்துலயே இதான் மொதத் திமிரு."

முத்துக்குமரன் முடியாதென்று தலையை ஆட்டினார். நல்லகண்ணு பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். பவானி எழுந்தாள். "வாங்கப்பா," என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்திருக்கும்வரை நிற்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.