ஏழு பேர் போதும்

ஆபீஸுக்குத் தெரியாமல் எம்பிஏ படிக்கிறவள் நான். கிடங்கில் பத்து வருஷமாகச் சரக்கு அனுப்பும் வேலை எனக்கு. அதை விட்டு நிர்வாகப் பக்கம் போய்விட வேண்டும் என்று வெறி. வகுப்பு சனிக்கிழமைகளில். அன்றைக்கு என் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர் பக்கத்து மேஜை அண்ணன். எங்கள் பிரிவிலேயே வயதில் மூத்தவர்.

"நீ போய் உருப்படற வழியப் பாரு, நான் சமாளிச்சுக்கறேன்" என்பார். சூப்பர்வைசர் கேட்டால் எனக்குப் பல்வலி என்று சொல்லிவிடுவார். இரண்டு வருஷத்தில் எனக்கு முப்பத்திரண்டு பல்லும் போயிருக்க வேண்டும்.

படிப்பின் கடைசியில் கல்லூரியில் ஒரு கட்டுரை கேட்டார்கள். தெரிந்த பிரிவு ஒன்றைக் குறைந்த ஆட்களோடு நடத்தத் திட்டம் போட வேண்டும். எனக்குத் தெரிந்ததே ஒரே பிரிவுதான். கம்பெனி பெயரை மட்டும் மாற்றிவிட்டு, பதினோரு பேர் வேலைக்கு ஏழு பேர் போதும் என்று எழுதினேன். ஆதாரம் வேண்டுமே? சனிக்கிழமைகளில் ஒரே ஆள் இரண்டு மேஜை வேலையை முடிப்பதை மணிவாரியாக அட்டவணை போட்டேன். மார்க் ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

வாய்மொழித் தேர்வு அன்று கதவைத் திறந்தால், பேராசிரியர் பக்கத்தில் எங்கள் ஜெனரல் மேனேஜர். வெளியிலிருந்து கேள்வி கேட்க வந்தவராம். தொலைந்தோம், வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை, அட்டவணையைத்தான் பார்த்தார்.

"இது நம்ம கிடங்குதானே?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. தலையாட்டினேன்.

"திங்கக்கிழமை மேல வந்து என்னைப் பாருங்கம்மா."

ஞாயிறு முழுக்க ஒரு வாய் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை போய் நின்றேன். அவர் திட்டவில்லை. மேல் மாடியில் நான் ஆசைப்பட்ட மாதிரியே ஒரு நிர்வாக வேலை கொடுத்தார், கூடவே ஒரு வெற்றுத் தாளும்.

"உங்க திட்டத்த நீங்களே நடத்துங்க. வேலையிலருந்து அனுப்ப வேண்டிய நாலு பேரோட பேர வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுங்க. வயசானவங்ககிட்டருந்து ஆரம்பிங்க."

அப்போதுதான் நிஜமான பயம் என்னைப் பிடித்தது. தாளோடு படியிறங்கினேன். கீழே அண்ணன் காத்திருந்தார்.

"மாட்டிக்கிட்டியா? பயப்படாத. பொய் சொன்னது நான்தான்னு சொல்லிடு. என் தலை உருண்டா உருளட்டும், நீ படிப்ப விட்டுடாத."

தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"கையில என்னம்மா?"

தாளை நாலாக மடித்தேன். "பல் டாக்டர் சீட்டுண்ணே."

"என்கிட்டயேவா?" என்று சிரித்தார் அண்ணன்.