மீனாம்பிகைக்கு நிரந்தர நியமனம்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இது கதையாகப் பிறந்ததல்ல. கொழும்பில் பாசல் விநியோகக் கம்பனி நடத்தும் நண்பர் ஒருவர், புதிதாகச் சேரும் சாரதிகளுக்கு ஒரு கைநூல் எழுதித் தரும்படி கேட்டார். பயிற்சி, விதிகள், முன்னேற்ற வாய்ப்பு என்று மூன்று தலைப்புகள். முதல் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். மூன்றாவதில் "திறமையும் ஒழுக்கமும் உள்ள சாரதி ஒருவர்—" என்று தொடங்கிய இடத்தில், மீனாம்பிகை பாசல் ஏற்றிய வான் வண்டியோடு வந்து நின்றாள். கொஞ்சம் ஓரமாக நிறுத்தும்படி கேட்டுப் பார்த்தேன். நகர்ந்தால்தானே.

2

ஆண்டு 1985. மீனாம்பிகைக்கு வயது முப்பத்துநான்கு, ஊர் சரவணை. தகப்பனின் புகையிலைத் தோட்டத்தில் உழவு மெசின் ஓட்டிக் கை பழகியவள். யாழ்ப்பாணத்துப் பாசல் கம்பனி ஒன்று தீவுப்பகுதிக்கு வான் விடப்போவதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பித்தாள். கிழமைக்கு இரண்டு ஓட்டம், திங்களும் வியாழனும். மூன்று மாதப் பயிற்சியில், பண்ணைப் பாலத்தில் பஸ்ஸுக்கு வழிவிடுவதும், கடைசியாக இறக்கவேண்டிய பாசலை முதலில் ஏற்றுவதும், இலக்கமில்லாத வீட்டைத் தகப்பன் பெயர் சொல்லி விசாரிப்பதும் சுலபமாகவே வந்தன.

இங்கே ஒரு வாசகர் கனைக்கிறார். அந்தக் காலத்தில், அந்த வீதியில், ஒரு பெண் பாசல் வான் ஓட்டினாளா?

எனக்கும் அதே பயம் வந்தது. கோழைத்தனமாக அவள் பெயரைப் பேனையால் அடித்துவிட்டு, நெடுந்தீவு யாக்கோப்பு என்ற ஒருவனைச் சாரதி ஆசனத்தில் ஏற்றினேன்.

3 (அடித்த பக்கம். கிழிக்க மனம் வரவில்லை.)

"யாக்கோப்பு கரம்பொனுக்கு வந்தபோது சிவக்கொழுந்து வீட்டுப் படலை பூட்டியிருந்தது. மகனுக்குப் புதன்கிழமை கலியாணம். அம்மனுக்கு நேர்ந்த பொங்கலை வைக்கக் குடும்பமே நயினாதீவுக்குப் போயிருந்தது. நாளை மதியம்தான் திரும்பும். விதி ஐந்து: வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்து ஒப்பம் வாங்கவும். பக்கத்து வீட்டு முற்றத்தில் செத்தவீட்டுப் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. நாகமுத்து ஒப்பம் வைத்துப் பாசலை வாங்கினாள். யாக்கோப்பு பாட்டொன்றை முணுமுணுத்தபடி—"

இதைப் பெருமையோடு என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் புங்குடுதீவுக்காரி. பாசலுக்குள் என்ன என்று கேட்டாள். கூறைச்சேலை என்றேன், மாப்பிள்ளை வீட்டார் கலியாணத்தன்று பொம்பிளைக்குக் கொண்டுபோகும் கூறை.

அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுதப்போவதில்லை. துடக்கு வீட்டுக்காரி, சாவுத் தீட்டுக் கழியாதவள், கூறைக்குக் கைநீட்டுவாளா? அந்தப் பந்தலை நான் அழகுக்காகப் போட்டிருந்தேன். பிழை முழுக்க என்னுடையது. யாக்கோப்பு இறங்கி நெடுந்தீவுக்குப் போய்விட்டான். மீனாம்பிகை இயந்திரத்தை அணைக்காமலே காத்திருந்தாள்.*

* பெண் வான் ஓட்டியதை நம்பாதவர்கள், நாகமுத்து கூறையை வாங்கியதை மட்டும் எப்படி நம்பினோம் என்று யோசிக்கலாம்.

4

ஆகவே திங்கட்கிழமை, கரம்பொன், பூட்டிய படலை, மீனாம்பிகை. வேலிக்கு அப்பால் நாகமுத்து. புருஷன் செத்து எட்டு நாள். பெட்டியில் இருந்த சேலைக்கடைப் பெயரைக் கண்டதும் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் பிள்ளை. என்ரை கை பட்டதெண்டு தெரிஞ்சால் அந்தச் சேலையை அவை தொடமாட்டினம்."

அடுத்த பக்கத்து வீட்டாருக்கும் சிவக்கொழுந்துக்கும் வேலிச்சண்டை. பத்து வருடமாக முகம் பார்ப்பதில்லை. விதி ஆறின்படி கந்தோருக்கு, கம்பனி அலுவலகத்துக்கு, திருப்பிக் கொண்டுபோனால், அடுத்த ஓட்டமான வியாழன்வரை பாசல் வெளியே வராது. கலியாணமோ புதன். விதி ஏழு இன்னும் பொல்லாதது: பாசலைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகும் சாரதி விசாரணையின்றி நீக்கப்படுவார். அதை யாரும் வீம்புக்கு எழுதவில்லை. பட்டியலும் பாசலும் ஒத்துப்போகாவிட்டால் வழியில் துப்பாக்கியோடு மறிப்பவர்களுக்குப் பதில் சொல்ல ஏலாத காலம் அது.

அவளுடைய பயிற்சிக்காலம் வருகிற வெள்ளியோடு முடிகிறது. முடிந்தால் நிரந்தரம். நிரந்தரமாகி இரண்டு வருடத்தில் கம்பனிச் செலவில் கனரக வாகனப் பயிற்சி. அதற்குப் பிறகு கொழும்பு லொறி. அந்த லொறிதான் அவளுக்கு வேண்டும். இரவில் படுத்தால் மனதுக்குள் அதன் கியர்களை மாற்றி மாற்றிப் போடுகிறாள். (கொழும்புக்குப் போகும் அந்த வீதிக்குப் பிற்காலத்தில், யுத்தத்தில், என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லப்போவதுமில்லை.)

சரவணையில் தன் வீட்டு வாசலில் வானை நிறுத்தினாள். பெட்டியைத் தோய்த்துலர்ந்த துணியில் சுற்றி, அலுமாரிக்கு மேலே வைத்தாள். நேரே கந்தோருக்குப் போய், செய்ததைத் தானே சொல்லி, பட்டியலில் அந்த வரிக்கு எதிரே "என் வீட்டில்" என்று எழுதிக் கொடுத்தாள். மறுநாள் பஸ்ஸில் பெட்டியோடு கரம்பொனுக்குப் போய், நயினாதீவிலிருந்து வந்திறங்கிய சிவக்கொழுந்தின் கையில் கொடுத்து ஒப்பம் வாங்கினாள். சிவக்கொழுந்து ஒன்றும் கேட்கவில்லை. கம்பனி வழக்கமே இதுதான் என்று நினைத்திருப்பாள்.

எனக்கு அவளை இந்த இடத்தில் கட்டிப்பிடிக்கவேண்டும்போல் இருந்தது. எழுதுகிறவன் அப்படிச் செய்யக்கூடாது என்பார்கள். செய்தேன்.

5

முடிவுகள். முதலாவதில் அவளை நீக்குகிறார்கள், அவள் உழவு மெசினுக்கே திரும்பிப்போகிறாள். நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தவளை இறக்கிவிட எனக்கு மனமில்லை. இரண்டாவதில் சிவக்கொழுந்து கலியாணப் பலகாரத்தோடு கந்தோர்ப் படியேறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு—

வேண்டாம். பலகாரம் கொடுத்து வாங்கும் வேலை அவளுக்கு எதற்கு?

6

வெள்ளிக்கிழமை காலை. முகாமையாளர் ஆழ்வாப்பிள்ளை நல்ல மனிதர். அந்த ஏழு விதிகளையும் எழுதியவர் அவர்தான். மேசையில் நிரந்தர நியமனக் கடிதம், தட்டச்சு செய்து தயாராக இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள். நடந்தது பிழை, இனி அப்படிச் செய்யமாட்டேன் என்று இரண்டு வரி எழுதி ஒப்பம் வைத்தால் கடிதத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றார். மேலிடத்துக்கு ஒரு தாள் காட்டவேண்டும், அவ்வளவுதான்.

"எழுதும் பிள்ளை. நீர் கெட்டிக்காரி. இதுக்காக உம்மை இழக்க எனக்கு விருப்பமில்லை."

அவர் மனதாரச் சொன்னார். மீனாம்பிகைக்கும் அது விளங்கியது. இரண்டு வரிக்கு அப்பால் கொழும்பு லொறி நிற்பதும் விளங்கியது. பேனையை எடுத்தாள். பிறகு தாளை மெதுவாக அவர் பக்கம் திருப்பி, பேனையை அதன்மேல் வைத்தாள்.

"ஐயா, வாற திங்கட்கிழமையும் இப்பிடியொரு கூறை வந்து, பக்கத்து வீட்டிலை துடக்கெண்டால் நான் என்ன செய்யவேணும்? அதை முதல் நீங்கள் எழுதித் தாங்கோ. பிறகு நான் ஒப்பம் வைக்கிறன்."

ஆழ்வாப்பிள்ளை பேனையைக் கையில் எடுத்தார். அந்தக் கை தாளுக்கு மேலே அப்படியே நின்றது.

அவருக்காக நான் எழுதமாட்டேன். அவரை மரியாதையாக எழுப்பி வெளியே அனுப்பிவிட்டேன். கதிரை காலியாக இருக்கிறது, வாசகரே, உட்காருங்கள். பேனையில் மை இருக்கிறது. அவள் மேசைக்கு முன்னால் நிற்கிறாள், அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை. நீங்கள் எழுதுவதை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பம் வைப்பாள்.