சத்தம் வேலைக்குத் திரும்பிய நாள்

காலை பத்து மணிக்கு, மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பானையான ஸ்லோ குக்கரை என் மேசை ஓரத்தில் வைத்து, பிளக்கைச் செருகி, குறைந்த சூட்டுக்கு, லோவில் திருப்பினேன். இரண்டு மணிக்கு விருந்து. நாலு மணி நேரம், கணக்குச் சரி. பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருஷமாக டிரைவர்களுக்கு டியூட்டி போடுகிறவள் நான். எந்த வண்டி எப்போது கிளம்பும், யார் ஓட்டுவார், யார் லீவு எல்லாம் எனக்கு விரல் நுனியில். கேவலம் சாசேஜா எனக்குத் தண்ணி காட்டப்போகிறது என்று நினைத்தேன்.

செய்முறை ஒன்றும் பிரமாதமில்லை. சுண்டுவிரல் நீள இறைச்சிச் சாசேஜ் நாலு பாக்கெட். ஒரு பாட்டில் திராட்சை ஜாம், ஒரு பாட்டில் மிளகாய் சாஸ், இரண்டு கரண்டி கடுகு விழுது. கொட்டிக் கிளறி மூடிவிட்டால் அதுபாட்டுக்கு வேகும். ஜாமும் மிளகாயுமா என்று முகம் சுளிக்கிறவர்கள்தான் கடைசியில் குச்சியும் கையுமாகப் பானையைச் சுற்றி நிற்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை, நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே சேர்ந்த சூடெல்லாம் போய்விடும்.

விருந்து சத்தத்துக்காக. சத்தம் எங்கள் டிரைவர்களில் ஒருவன். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசமாட்டான், ஹாரன்கூட அடிக்கமாட்டான், அதனால் பையன்கள் வைத்த பெயர். நாலு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலை, நல்ல மழையில், அவன் ஓட்டிய பஸ் ரோட்டைக் கடந்த ஒரு பெரியவர் மேல் மோதியது. பெரியவர் அங்கேயே போய்விட்டார். விசாரணை நடந்தது. அவர் பார்க்காமல் ரோட்டில் இறங்கிவிட்டார், டிரைவர் மேல் தப்பில்லை என்று எழுதி ஃபைலை மூடினார்கள். லீவில் இருந்தவன் இன்றைக்குத்தான் திரும்பி வருகிறான்.

அவன் மேல் தப்பில்லைதான். என் மேல் உண்டு.

விபத்துக்கு முந்தின நாள் அவன் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஒரு டியூட்டிக்கும் அடுத்த டியூட்டிக்கும் நடுவே ஒன்பது மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது விதி. மறுநாள் முதல் வண்டி டிரைவருக்குக் காய்ச்சல். நாலு பேருக்குப் போன் போட்டேன், ஒருத்தனும் எடுக்கவில்லை. சத்தம் எடுப்பான் என்று எனக்குத் தெரியும். "தம்பி, இந்த ஒரு தடவை" என்றேன். "வர்றேன்க்கா" என்றான். விபத்து என்று செய்தி வந்ததும் நான் செய்த முதல் காரியம், டியூட்டி ரிஜிஸ்டரில் அந்தப் பக்கத்தைக் கிழித்து, அவன் மாலை ஏழு மணிக்கே வீட்டுக்குப் போனதாகப் புதிதாக எழுதியதுதான். விசாரணையில் அவனிடம் கேட்டார்கள், சரியாக ஓய்வெடுத்தீர்களா என்று. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எடுத்தேன்" என்றான். அதைப் பற்றி அப்புறம் அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க வக்கில்லாமல் சாசேஜ் செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பிட்டு எல்லாரும் கலைந்த பிறகு அவனைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம், அவன் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்கு டிரைவர்கள் கையெழுத்துப் போட வர ஆரம்பித்தார்கள். வந்தவன் ஒவ்வொருவனும் கையெழுத்துப் போட்ட கையோடு மூடியைத் தூக்கினான்.

"அக்கா, வாசனை ஆளைத் தூக்குதே!"

"மூடுடா எருமை. வேகறதுக்கு முன்னாடி என்ன வாசனை?"

மூடியைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று ஓர் அட்டையில் எழுதிச் சாய்த்து வைத்தேன். அதைப் படித்துவிட்டு, அப்படி என்னதான் இருக்கிறது என்று இன்னும் பத்துப் பேர் திறந்து பார்த்தார்கள். மெக்கானிக்கை நாங்கள் கிரீஸ் என்று கூப்பிடுவோம். பெயருக்கேற்ற கையோடு அவனும் வந்து எட்டிப் பார்த்தான்.

"இந்த வேகத்துல போனா உங்க ரிட்டயர்மென்ட்டுக்குத்தான் வேகும்க்கா. இன்னும் எத்தனை மாசம்?"

"பதினோரு மாசம். அதுவரைக்கும் உன் மூஞ்சியைப் பார்த்துத் தொலையணும். போ, போய் வேலையைப் பாரு."

பன்னிரண்டு மணிக்குக் கரண்டியை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. தாமதத்தை ஈடுகட்டுவது என் பிழைப்பு. ஒரு வண்டி லேட்டாக வந்தால் டிரைவர் டீ குடிக்கிற நேரத்தை வெட்டுவேன், உட்காரவிடாமல் அடுத்த டிரிப்புக்கு ஏற்றி அனுப்புவேன். அதே கைதான் குக்கரை ஹையில் திருப்பியது.

அந்த நேரம் பார்த்து, நடு ரோட்டில் ஒரு வண்டி நின்றுவிட்டது என்று போன். மாற்று வண்டி, மாற்று டிரைவர், பயணிகளின் வசவு என்று ஒன்றரை மணி வரை தலை நிமிரவில்லை. நிமிர வைத்தது கருகல் வாடைதான். எவனோ மூடியைச் சாய்வாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சாறெல்லாம் சுண்டி, ஜாம் அடியில் தார் மாதிரி ஒட்டியிருந்தது.

மேலே இருந்ததை மட்டும் பக்குவமாக அள்ளி வேறொரு பாத்திரத்தில் போட்டு, இன்னும் கொஞ்சம் சாஸ் ஊற்றி மறைத்தேன். கறுத்த பானையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினேன். இந்த மாதிரி வேலையில் எனக்கு அனுபவம் உண்டே.

சத்தம் சரியாக இரண்டு மணிக்கு வந்தான். யூனிஃபார்ம் போடவில்லை. சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது, அவ்வளவு இளைத்திருந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. குச்சியும் சாசேஜுமாக ஓய்வறை கலகலவென்றிருந்தது. பிரமாதம்க்கா, ஹோட்டல் வச்சிருக்கலாம்க்கா என்று ஆளாளுக்குப் புளுகினார்கள். சத்தம் ஒன்றை எடுத்துக் கடித்தான். மெதுவாக மென்றான்.

"அடி பிடிச்சிருக்குக்கா" என்றான்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். "டேய், சத்தம் பேசிட்டான்டா!" என்று கிரீஸ் அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். எனக்கு முகம் சுட்டது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவன் என்னை வண்டிச் சாவிகள் தொங்கும் பலகைப் பக்கம் கூப்பிட்டான். "நான் ஓட்ட வரலைக்கா. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"என்னடா இது? உன் மேல தப்பில்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்களே."

"நேத்து அந்தப் பெரியவரோட பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்குக் கண்ணு சரியில்லை, வயசானவரைத் தனியா விட்டதுதான் தப்புன்னு ஊரே சொல்லுதாம். அந்தம்மா, அன்னைக்கு நான் கூடப் போயிருக்கணும், நான்தான் கொன்னுட்டேன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழறாங்க. பார்க்க முடியலைக்கா. சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"நான் தூங்கலைன்னு. நீங்க கூப்பிட்டீங்கன்னு. ரிஜிஸ்டர் பொய்யின்னு."

எனக்கு முதலில் வந்தது கோபம். அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுகிற இதுவும் இன்னொரு பொய்ப் பக்கமாகிவிடும். இன்னும் பதினோரு மாசம்தானேடா, அதுவரை பொறுத்திருக்கக் கூடாதா என்று வாய் நுனி வரை வந்தது. இவனுக்காகவா விடிந்ததும் எழுந்து கடைக்கு ஓடினேன் என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. விசாரணையில் அவனும்தான் பொய் சொன்னவன். எனக்கு என்ன வருமோ அது அவனுக்கும் வரும். தெரிந்தேதான் போயிருக்கிறான்.

"அந்தம்மா டிப்போ கேட்டுக்கு வெளிய நிக்கறாங்க" என்றான். "நான் கூட்டிட்டு வரலை. அவங்களா வந்திருக்காங்க. உள்ள வரச்சொல்லவா?"

உள்ளே யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். "வேண்டாம், நானே போறேன்" என்றேன்.

கேட்டுக்கு வெளியே மதில் நிழலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஏதோ அலுவலக அட்டை கழுத்தில் தொங்கியது, கையில் சாப்பாட்டுப் பை. பாதி வேலையில் கிளம்பி வந்திருக்க வேண்டும். நான் யாரென்று அவள் கேட்கவில்லை.

"அன்னைக்கு அந்த டிரைவர் எவ்வளவு நேரம் தூங்கியிருந்தாரு?"

"மூணு மணி நேரம்" என்றேன். நாலு மாதத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.

"அப்போ எங்கப்பா மேல தப்பில்லையா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா அந்தத் தம்பி தூங்கி எழுந்து வந்திருந்தா பிரேக் முன்னாடியே விழுந்திருக்கும். அவனை எழுப்பிக் கூட்டிட்டு வந்தது நான்."

அவள் மதிலில் சாய்ந்துகொண்டாள். மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இதை எழுதிக் குடுப்பீங்களா?"

வேலை போகும். கேஸ் வரும். இருபத்திரண்டு வருஷம் ஒரே தாளில் முடிந்துபோகும். எல்லாம் எனக்குத் தெரிந்தது.

"தர்றேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"காதுல விழலை" என்றாள் அவள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.