கவுனின் முதுகுப்பக்கம்

வாடகைக் கவுன் வேறு யாரோ ஒரு வாட்டசாட்டமான பெண்ணுக்குத் தைத்தது. கிருஷ்ணகுமாரிக்குத் தொளதொளவென்று தொங்கியது. மேக்கப் போட வந்த அருணா மிச்சத் துணியை முதுகுப்பக்கம் இழுத்துப் பிடித்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை கறுப்புக் கிளிப்புகளை வரிசையாகக் கவ்வவிட்டாள். முன்னால் பார்த்தால் மகாராணிதான். மூச்சை மட்டும் அளந்து விடவேண்டியிருந்தது.

"கேமராவுக்கு முதுகைக் காட்டிராதீங்க மேடம். கிளிப்பெல்லாம் தெரிஞ்சிரும்" என்றான் போட்டோகிராபர் யுவராஜ்.

ஐப்பசி மஞ்சு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு இது காடு. கிருஷ்ணகுமாரிக்கு, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைமேல் ஆலத்தூர் நாட்டுக் குக்கிராமங்களுக்குப் போகும் வழி. கிராம நர்சாக அவள் இந்தத் தடத்தில் வழுக்கி விழாத இடம் கிடையாது.

மாப்பிள்ளை செந்தில்நாதனுக்குப் பெங்களூரில் வேலை. ஆவணியில் ராசிபுரத்தில் நிச்சயம் முடிந்தது; இன்று கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட். "உன் ஆபீஸ் கார்டை மறக்காம எடுத்துக்க, ஒரு கான்செப்ட் இருக்கு" என்று அவன் போனில் சொன்னபோது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதுவரை அவன் வீட்டில் யாரும் அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அந்த அடையாளக் கார்டைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தாள்.

யுவராஜ் கான்செப்டை விளக்கினான். "பக்கவாட்டுல நின்னு கார்டைக் கழட்டி அந்த மிளகுக் கொடியில மாட்டறீங்க. அப்படியே சாரைப் பாத்து நடந்து வர்றீங்க. திரும்பவே கூடாது. பழைய வாழ்க்கை அங்கயே நிக்குது, நீங்க புது வாழ்க்கைக்கு வர்றீங்க. ரீல்ஸ்ல அள்ளிரும்ங்க."

அவள் செந்தில்நாதனைப் பார்த்தாள். "வேலைய விடறேன்னு நான் சொல்லவேயில்லீங்களே."

"உங்கப்பா சொல்லிட்டாரே. தையில கல்யாணம். பெங்களூர்ல இருந்துக்கிட்டு இங்க வந்தா ஊசி போடுவ? அதையெல்லாம் அப்பறம் பேசிக்கலாம் குமாரி, வெளிச்சம் போயிரும்."

அவன் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் சிரித்த முகமாகச் சொன்னான். கெட்டவன் இல்லை, மலைப்பாதை வளைவுகளில் கார் போகும்போது அவளுக்குக் குமட்டும் என்று எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தவன். அப்பாவும் அவனும் எப்போதோ பேசி முடித்த சேதி கடைசியில் போட்டோகிராபர் வாயால் அவளுக்கு வந்து சேர்ந்தது. அழுதால் மேக்கப் கலையும், குனிந்தால் கிளிப் தெறிக்கும்.

கார்டை மாட்டினாள், நடந்தாள். "முகத்துல சந்தோஷமே வரலீங்க மேடம், இன்னொருக்கா." அருணா ஓடிப்போய்க் கார்டை எடுத்து வந்தாள். மறுபடியும் மாட்டினாள், நடந்தாள். மாட்ட மாட்ட, வேலை நிஜமாகவே போய்விட்டது போல அவளுக்கு இருந்தது.

அடுத்த முறை பாதி தூரம் வந்திருப்பாள். பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ஏனுங்க நர்சம்மா, உங்க கார்டக் கொடியில மறந்து வுட்டுட்டுப் போறீங்க."

யமுனாவின் குரல். பிரசவத்துக்கு மலை இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தவளைச் சமாதானப்படுத்தி ஜீப்பில் ஏற்றிப்போனது கிருஷ்ணகுமாரிதான். குழந்தை சிணுங்குவதும் கேட்டது.

"நாளைக்குப் புதங்கெழமைங்க. பாப்பாவுக்கு ஒண்ணரை மாச ஊசிங்க. நீங்க வாரீங்கதானுங்க?"

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான் யுவராஜ், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேடம், திரும்பாதீங்க. இப்பத்தான் முகம் நல்லா வருது."

எதிரே செந்தில்நாதன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். சொல்லிக்கொடுத்த சிரிப்பு இன்னும் கலையவில்லை. நாலு எட்டு வைத்தால் அந்தக் கை. பின்னால் யமுனா நெருங்கி வருவது கேட்டது.

கிருஷ்ணகுமாரி நன்றாக, வயிறு நிறைய மூச்சை இழுத்தாள். முதுகில் ஒரு கிளிப் தெறித்து ஈரச் சருகில் விழுந்தது.

அவள் திரும்பினாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்ற யமுனா, கார்டின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு கையை நீட்டியிருந்தாள். கிருஷ்ணகுமாரியின் முதுகில் மிச்சக் கிளிப்புகள் மேலிருந்து கீழாகக் கேமராவுக்குத் தெரிந்துகொண்டிருந்தன.